பசைக்காரப் புரோயெத்தி

எங்கள் ஊரில் கல்லை விட்டெறிந்தால் அது ஒரு புரோயெத்தியின் தலையில்தான் விழும். தப்பித் தரையில் விழுந்தால், அந்தத் தரையும் ஏதோ ஒரு புரோயெத்திக்குச் சொந்தமானதாக இருக்கும். மருந்துக்கடைக்காரர் புரோயெத்தி, பல் பிடுங்குகிறவர் புரோயெத்தி, மேயர் புரோயெத்தி, அவரை எதிர்த்து நின்று தோற்றவரும் புரோயெத்தி. நேரா என்கிற ஆற்றின் மேல் இருப்பது புரோயெத்தி பாலம். எந்தப் புரோயெத்தி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ரோமுக்குப் போகும் பேருந்தின் பக்கவாட்டில் அந்தப் பெயர். சோம்பு பிஸ்கட் டப்பாவின் மூடியில் அந்தப் பெயர். கால்பந்து அணியின் பதினொரு பேரில் ஏழு பேர் முதுகில் அந்தப் பெயர். தேவாலயத்துக்குப் பின்னால் சந்துக்குள் ஓர் அச்சகம் உண்டு, அதன் பலகையிலும் அதே பெயர்தான். அந்த அச்சகத்தின் சொந்தக்காரன் நான், ஒலிந்தோ புரோயெத்தி.

இத்தனை பேரும் ஒரே வம்சம் என்று நினைத்துவிட வேண்டாம். யாருக்கும் யாரும் சொந்தமில்லை. மலையடிவாரத்துக் கன்னியர் மடத்தின் சுவரில் ஒரு மரச் சக்கரம் இருந்தது. பிள்ளையை வேண்டாதவர்கள் அதில் வைத்துச் சுழற்றினால் பிள்ளை உள்ளே போய்விடும், மணியை அடித்துவிட்டு ஓடிவிடலாம். பிள்ளைக்குக் குடும்பப் பெயர் வேண்டுமல்லவா? கன்னியர்களுக்கு லத்தீன் தெரியும், இரக்கம் அவ்வளவாகத் தெரியாது. வீசியெறியப்பட்டது என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லை எடுத்து, வந்த பிள்ளைகள் அத்தனை பேர் தலையிலும் கட்டிவிட்டார்கள். முந்நூறு வருடம் இந்தத் திருப்பணி நடந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் கட்டி, பெற்றுப் பெருகி, பாதி ஊர் ஆகிவிட்டார்கள்.

பெருகியதும் மறந்தும்விட்டார்கள். மேயர் தன் வீட்டு வாசலில் கல்லில் ஒரு கழுகைச் செதுக்கி வைத்திருக்கிறார், ஏதோ பரம்பரைப் பிரபு போல. அவருடைய பாட்டனாரின் அப்பா அதே சக்கரத்தில் சுற்றி வந்தவர்தான். நாலு தலைமுறை தாண்டிய புரோயெத்தி, புதிதாக வந்த புரோயெத்தியைப் பார்த்து முகம் சுளிப்பான். எங்கள் ஊரின் அசிங்கங்களில் எனக்கு ஆகவே ஆகாதது இதுதான், நானும் அதைச் செய்திருக்கிறேன் என்பதால்.

பெயர் எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டதால் குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. மேயர் வீட்டார் 'வெங்காயம்'. பல் பிடுங்குகிறவர் வீட்டார் 'ஒற்றைச் செருப்பு'. எங்கள் வீட்டார் 'ஈயம்'. பட்டப்பெயர் இல்லாதவன் என்றால் மடத்திலிருந்து நேராக வந்தவன், குடும்பமே இல்லாதவன் என்று அர்த்தம். நான் சொல்லப்போகும் ருஃபினோ அப்படி வந்தவர். 1922இல், சக்கரத்தை மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், அதில் வைக்கப்பட்டவர். இருபத்தாறு வயதில் நகராட்சியில் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்த பிறகுதான் அவருக்கும் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது: 'பசை'. குடும்பப் பட்டப்பெயர் இல்லை, வேலைப் பட்டப்பெயர். ஆனாலும் அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

தேர்தல், சர்க்கஸ், தண்ணீர் வராத நாள் எல்லாவற்றையும் அவர்தான் ஒட்டுவார். முக்கியமான வேலை சாவு நோட்டீஸ். எங்கள் ஊரில் ஒருவர் செத்தார் என்பது கறுப்புக் கரை போட்ட தாள் சுவரில் ஏறினால்தான் உறுதி. கோயில் மணி அடிக்கும். ஆனால் ஒரு புரோயெத்தி போய்விட்டார் என்றால் எந்தப் புரோயெத்தி? தாளில் பட்டப்பெயரைப் பார்த்த பிறகுதான் பெண்கள் கறுப்பு உடையைத் தேடி எடுப்பார்கள். அதற்குக் கீழே, 'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பவர்கள்' என்று போட்டு, பிள்ளைகளின் பெயர் வரிசையாக வரும். ஊரே நின்று வாசிப்பது அந்த வரிசையைத்தான். யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில், யாரை விட்டுவிட்டார்கள். 'வெங்காயம்' வீட்டில் ஓடிப்போன மகளின் பெயரைப் போடாமல் விட்டபோது அவள் பேருந்து பிடித்து வந்து அறுபது தாளையும் நகத்தால் சுரண்டிவிட்டுப் போனாள். அந்த வரிசையில் இருந்தால் பிள்ளை, இல்லாவிட்டால் யாரோ. எங்களுக்கு நீதிமன்றமெல்லாம் தேவையில்லை.

ருஃபினோவின் அம்மா யார் என்பது ஊருக்கே தெரியும். அடுப்படித் தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஆர்ஜியா. 'மாவுமூக்கு' புரோயெத்தி வீட்டு மருமகள். பதினெட்டு வயதில் மேல் கிராமத்தில் வீட்டுவேலை செய்த இடத்தில் வயிற்றில் வந்தது, மடத்துச் சுவருக்குப் போனது. ரெண்டு வருடம் கழித்துக் கல்யாணம். அடுத்தடுத்து ஐந்து பிள்ளைகள். ருஃபினோவை மடத்திடமிருந்து வாங்கி வளர்த்த பெண், அவருக்குப் பதினாலு வயதில் ஏதோ கோபத்தில், "என்கிட்ட ஏண்டா சோறு கேக்குற? உங்க ஆத்தா ரொட்டிக்கடைதானே வெச்சிருக்கா, அங்க போய்க் கேளு" என்று கத்திவிட்டாள். அன்றிலிருந்து அவர் தினமும் அங்கேதான் ரொட்டி வாங்கினார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அரைக் கிலோ" என்பார். "இந்தாங்க" என்பார் ஆர்ஜியா. முப்பத்திரண்டு வருடம் இந்த ரெண்டு வார்த்தைதான் தாய்க்கும் மகனுக்கும் நடந்த பேச்சு. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் வாயைத் திறக்கவில்லை. இதை மரியாதை என்று சொல்லிக்கொண்டோம்.

1968இல் ஒருநாள் மதியம், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ருஃபினோ கேட்டுவிட்டார். இதை அவர் எனக்குச் சொன்னது ரொம்பப் பின்னால், எல்லாம் முடிந்த பிறகு.

"ரொட்டி வேணாம். ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் யாரு?"

"இது என்ன கேள்வி? பசைக்காரரு."

"அது ஊரு சொல்றது. நீங்க சொல்லுங்க."

ஆர்ஜியா பலகையில் இருந்த மாவைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்தாராம். பிறகு, "அந்தக் கதவைச் சாத்து" என்றார். நாற்பத்தாறு வயது மகனை அவர் முதல்முறையாக 'நீ' என்று பேசியது அதுதான்.

"எனக்கு அஞ்சு புள்ளைங்க. கடைசிப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. நான் உசுரோட இருக்கற வரைக்கும் என் வாயிலேர்ந்து வராது. கேக்காதே."

"சரி. அப்ப நான் இப்படியே சாகணுமா?"

"நீ ஏன் சாகற? நான் முன்னாடி போயிடுவேன். செத்தவளை யாரு வந்து என்ன கேக்கப் போறாங்க? என் நோட்டீஸை நானே எழுதி வெச்சிட்டுப் போறேன். அதுல உன் பேரு இருக்கும். அஞ்சு பேருக்கு அடுத்து, ஆறாவதா."

"நான்தானே மூத்தவன்?"

"ஆறாவதா," என்றார் ஆர்ஜியா. "இஷ்டம்னா காத்திரு. இல்லேன்னா விடு."

அவர் காத்திருந்தார். பதின்மூன்று வருடம். தினமும் காலையில் பசை வாளியும் தூரிகையுமாக என் அச்சகத்துக்கு வந்து, "இன்னிக்கு யாரு?" என்பார். "ஏண்ணே, சாவுல உங்களுக்கு என்ன இவ்வளவு அவசரம்?" என்று நான் கிண்டல் செய்வேன். மற்றவர் கிண்டலுக்குப் பதிலடி கொடுக்கிற மனுஷன் இதற்கு மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பிற்பாடு சொன்னார்: "அவ நல்லா இருக்கணும்னுதான் கோயில்ல வேண்டிக்குவேன் தம்பி. வெளியில வந்து படி எறங்கறதுக்குள்ள, இன்னும் எத்தனை வருஷம்னு மனசு எண்ண ஆரம்பிச்சிடும். பெத்தவ எப்ப சாவான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நானும் ஒரு புள்ளையா?"

ஆர்ஜியாவின் புருஷன் போனார். கடையை விற்றார்கள். பிள்ளைகள் எல்லாரும் வெளியூர் போய்விட்டார்கள். கடைசி மூன்று வருடம் ஆர்ஜியா தெர்னி நகரத்தில் மூத்த மகள் தியால்மா வீட்டில் இருந்தார். ருஃபினோ ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் போக அவருக்கு என்ன உறவு?

1981 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை தியால்மா காரில் வந்து இறங்கினாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஓர் உறை.

"அம்மா போயிட்டாங்க, ஒலிந்தோண்ணே. நேத்து சாயங்காலம். சனிக்கிழமை பத்து மணிக்கு இங்க கொண்டாறோம். நோட்டீஸை அம்மாவே எழுதி வெச்சிட்டாங்க. நேரத்தை மட்டும் நான் சொல்றேன், போட்டுக்கோங்க."

"நீ பாத்துட்டியாம்மா?"

"என்னால முடியல. அவங்க கையெழுத்தைப் பாத்தாலே அழுகை வருது. எப்படி எழுதியிருக்காங்களோ அப்படியே போட்டுடுங்க."

அவளுக்கு மாவட்ட அலுவலகத்தில் இன்னும் காகித வேலை இருந்தது. போய்விட்டாள். நான் உறையைப் பிரித்தேன். பெரிய, கோணலான எழுத்து. ஆர்ஜியா, 'மாவுமூக்கு' புரோயெத்தியின் விதவை. ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பவர்கள்: தியால்மா, ஈவோ, நத்சரேனோ, செர்ஜோ, லிதியா. அதற்குக் கீழே ருஃபினோ புரோயெத்தி. அதற்கும் கீழே, கோயில் பெயருக்கு அடுத்து, மறுபடியும் ருஃபினோ புரோயெத்தி.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நோட்டீஸ் எழுதிக் கொடுப்பவர்கள் தாளின் அடியில், ஒட்டுகிறவர் பெயரை எழுதிக் கொடுப்பார்கள், அச்சடித்த கட்டு யாரிடம் போக வேண்டும் என்பதற்காக. முப்பத்துமூன்று வருடமாக என் மேசைக்கு வந்த ஒவ்வொரு சாவின் அடியிலும் ருஃபினோ புரோயெத்தி என்று இருந்தது. ஒருமுறைகூட நான் அதை அச்சில் கோத்ததில்லை. கண் அங்கே போனதும் கை நின்றுவிடும். அன்றும் ஐந்து பேரைக் கோத்ததும் அந்தப் பெயரில் கை நின்றது, அதைத் தாண்டிக் கோயிலையும் நேரத்தையும் மட்டும் கோத்தேன். ஏன் இரண்டு தடவை எழுதியிருக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. எழுபத்தேழு வயது, மறதி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ருஃபினோ அவருடைய மகன் என்று எனக்குத் தெரியாதா? குழந்தையிலிருந்து தெரியும். ஆனால் ஐம்பத்தொன்பது வருடமாக யாரும் வாயால் சொல்லாத ஒன்றை, ஒருவர் தாளில் எழுதுவார் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அல்லது எட்டியிருக்கலாம், மூன்று மகன்களில் மூத்தவன் ஈவோ வந்து என் கடையில் கத்துவானே என்று அதைத் தள்ளிவிட்டிருக்கலாம். எது உண்மை என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

மாலையில் ருஃபினோ வந்தார். செய்தி அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. சவரம் செய்து, சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். பசை வாளியைக் காணோம்.

கட்டின் மேல் தாளை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார். நிறைய நேரம் பிடித்தார். ஐந்து பெயரை வாசிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"இவ்வளவுதானா?" என்றார்.

"அறுபது இருக்குண்ணே. சந்தேகம்னா எண்ணிப் பாத்துக்கோங்க" என்றேன் நான்.

அவர் கட்டைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஒரு சுவரிலும் தாள் ஏறவில்லை. நான் கவனிக்கவில்லை, அன்று முழுக்க இயந்திரம் பழுது, வெளியே தலைகாட்டவே இல்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு மணி அடித்தது. தெர்னியிலிருந்து சவ வண்டி வந்தது. கடைவீதியில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "யாரு?" "ஏதோ ஒரு புரோயெத்தி." "நோட்டீஸ் எதுவும் பாக்கலியே." "அப்ப வெளியூர்க்காரங்களா இருக்கும்." தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இந்த ஊருக்கு நாற்பது வருடம் ரொட்டி சுட்டுக் கொடுத்தவர். கோயிலில் ஐந்து பிள்ளைகளும், அவர்கள் வீட்டாரும், பாதிரியாரும் மட்டும். ஊரிலிருந்து ஓர் ஆள்கூட இல்லை. நானும் போகவில்லை, இயந்திரத்தின் அடியில் படுத்துக்கிடந்தேன்.

புதைத்துவிட்டு ஈவோ நேராக நகராட்சிக்குப் போனான். ருஃபினோவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் மறைக்கவில்லை.

"பாலத்துலேர்ந்து ஆத்துல போட்டேன். அறுபதையும்."

"ஏன்யா?"

"கை வலிச்சுது."

வேலை போனது. ஈவோ அவர் சட்டையைப் பிடித்து, "எங்கம்மா அநாதைப் பொணமாட்டம் போனாங்கடா, மடத்துக்குப் பொறந்தவனே!" என்று கத்தினானாம். ஈவோவின் பாட்டனும் மடத்துச் சக்கரத்தில் வந்தவர் என்பதை அங்கே இருந்த புரோயெத்திகள் யாரும் நினைவுபடுத்தவில்லை.

தியால்மா என்னிடம் வந்தாள். அம்மா எழுதியபடியே அச்சடித்தேனா என்று அவளுக்குச் சந்தேகம். "அச்சடிச்சேம்மா, இரு, காட்டறேன்" என்று உள்ளே போய், கையெழுத்துத் தாள்களைக் குத்திவைக்கும் ஆணியிலிருந்து ஆர்ஜியாவின் தாளை உருவினேன். உருவியவன் இன்னொரு முறை பார்த்தேன். ஐந்து பிள்ளைகளின் பெயருக்குக் கீழே, அதே எழுத்தளவில், அதே ஓரத்திலிருந்து தொடங்கி, ருஃபினோ. மறதி இல்லை. அப்போதுதான் அந்த மனிதர் ஏன் அறுபது தாளை ஆற்றில் போட்டார் என்பது என் மரமண்டையில் ஏறியது. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எங்கேயோ வெச்சிட்டேன், தேடித் தரேன்" என்று அவளை அனுப்பிவிட்டேன்.

ரெண்டு வாரம் கழித்து ருஃபினோ வந்தார். அச்சகத்தின் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்துமூன்று வருடத்தில் அவர் உட்கார்ந்ததே கிடையாது. ரொட்டிக்கடைப் பேச்சு, ஆறாவதா என்ற வாக்கு, பதின்மூன்று வருடம் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பிள்ளைங்க எடுத்துட்டாங்களா, இல்ல அவளே எழுதலையா? கையெழுத்துத் தாள் உன்கிட்டதானே வந்துச்சு. அதுல நான் இருந்தேனா?"

தாள் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்திருக்கலாம். நாலு விரல் தூரம்.

"இல்லண்ணே," என்றேன். "அஞ்சு பேருதான்."

அவர் தலையை ஆட்டினார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன், அதுதான் என்னைக் கொன்றது.

"அப்ப நான் செஞ்சது சரிதான்," என்றார்.

உண்மையைச் சொல்லியிருந்தால், வாக்கைக் காப்பாற்றிய தாயை நாய்கூடப் பின்தொடராமல் அனுப்பிய பாவம் அவர் தலையில் விழுந்திருக்கும், அதனால்தான் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் கடையைப் பற்றித்தான் நினைத்தேன். செத்தவள் எழுதியதை மாற்றியவன் என்று பேர் வந்தால் எவன் என்னிடம் நோட்டீஸ் அடிக்க வருவான்? தாளை அன்றைக்கே அடுப்பில் போட்டேன்.

ருஃபினோ அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். மதுக்கடையில் யாராவது ஆர்ஜியாவின் பேச்சை எடுத்தால், "வார்த்தை தவறினவ" என்று சொல்லிவிட்டுத் துப்புவார். என்ன வார்த்தை என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைக்கவே மாட்டேன் என்று சொன்னவரை 1988 பிப்ரவரியில் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நோட்டீஸ் நான்தான் அடித்தேன். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 'பசை' ருஃபினோ புரோயெத்தி, வயது அறுபத்தாறு. 'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பவர்கள்' என்று கோத்துவிட்டு, அதற்குக் கீழே போட ஒரு பெயர் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். தியால்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். கடைசியில் ஒலிந்தோ புரோயெத்தி என்று என் பெயரையே கோத்து, அறுபது தாளையும் நானே ஒட்டினேன். ஊரில் எல்லோரும் நின்று வாசித்தார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரும் புரோயெத்தி, நானும் புரோயெத்தி, ஏதோ சொந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.